வெள்ளி, பதினொன்று ஐம்பத்திரண்டு

மாலைக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் பொருளியல் படித்தேன். வாரத்தில் மூன்று நாள், லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மளிகைக்கடை வேலை முடிந்ததும் நேரே வகுப்பு. பெரியவர்களுக்காக நகராட்சி நடத்தும் கல்லூரி அது, பட்டம் தரமாட்டார்கள். பட்டத்துக்குப் பல்கலைக்கழகம் மாற வேண்டும். படித்த இரண்டு ஆண்டுகளையும் ஏற்று, என்னை மூன்றாம் ஆண்டில் சேர்க்கும்படி விண்ணப்பம் எழுதினேன். கடைசி நாளைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான். அப்போது எனக்கு ஐம்பது வயதாகிவிடும்.

செவ்வாய்க்கிழமை இரவே எல்லாம் தயார். இணையத்தில் அனுப்ப வேண்டும். வெள்ளி நண்பகல் பன்னிரண்டுக்கு மூடிவிடுவார்கள். ஆனால் புதன் அட்டமி, வியாழன் நவமி. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. இருந்தாலும் அகதி விண்ணப்பம் தொடங்கி வீட்டு விண்ணப்பம் வரை, இந்த நாட்டில் எதையும் நாங்கள் நாள் பார்க்காமல் அனுப்பியதில்லை. அதனால்தான் எல்லாம் கிடைத்தது என்பார் கணவர். மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. வெள்ளி பத்தரைக்கு ராகு காலம் தொடங்கும் முன் அனுப்புவது என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

அன்று காலை ஒன்பதே முக்காலுக்கு, கடையின் பின்னறைக் கணினியில் அமர்ந்தேன். பதினான்கு சான்றிதழ்களையும் தனித்தனிக் கோப்பாக, எண்ணிட்டு, பெயரிட்டு வைத்திருந்தேன். தளம் ஒரே ஒரு கோப்பைத்தான் ஏற்றது. பதினான்கையும் மறுபடி ஒன்றாக ஸ்கேன் செய்து முடித்தபோது பத்து ஐம்பது.

கணவருக்குத் தொலைபேசினேன். அவர் விமான நிலையத்தில் வேலையில் இருந்தார்.

"இஞ்சாரும், பன்னிரண்டு கழிஞ்சு ஒரு நிமிசத்தில அனுப்பும்."

"பன்னிரண்டுக்குப் பூட்டிப்போடுவாங்கள்."

"ஒரு நிமிசம்தானே, கேட்டுப் பாரும்."

"ஆரை? கணினியையோ?"

"ராகு காலத்தில அனுப்பிப்போட்டு, பிறகு என்னட்டை அழாதையும்," என்று வைத்துவிட்டார்.

அனுப்பும் பொத்தான் வரை போய்ப் போய்த் திரும்பினேன். எழுந்தேன், இருந்தேன். எழுத்துப் பிழை தேடினேன், இல்லை. பதினொன்றேகாலுக்கு முதலாளி கூப்பிட்டார்.

"தங்கச்சி, சனம் வாசல் வரைக்கும் நிக்குது. ஓடி வாரும்!"

கல்லாவில் போய் அமர்ந்தேன். வெள்ளிக்கிழமை வரிசை: வாழையிலை, கற்பூரம், முருங்கைக்காய், கீரை. கை தன் பாட்டுக்கு ஓடியது. கண் சுவர்க்கடிகாரத்தில் இருந்தது. அதன் கீழே, கடையின் பெயர் அச்சிட்டு நாங்கள் இலவசமாகக் கொடுக்கும் கலண்டர். பத்தரை முதல் பன்னிரண்டு, சிவப்பு எழுத்தில்.

"அண்ணை, நீங்கள் ராகு காலத்தில கடை பூட்டுறேல்லையோ?"

"விசரே உமக்கு? வெள்ளிக்கிழமை யாவாரமே இந்த நேரந்தானே."

"கலண்டர் அடிச்சுக் குடுக்கிறது நீங்கள்."

"குடுக்கிறன்தான். அதுக்குக் கீரை வாடாமல் நிக்குமோ, பிள்ளை?"

வரிசையில் நின்ற அம்மா ஒருவர் சிரித்தார். பதினொரு வருடமாக ஒவ்வொரு வெள்ளியும் இந்த நேரத்தில் இந்தக் கல்லாவில்தான் இருந்திருக்கிறேன். ஒருவர்கூட மிச்சக் காசை வாங்க மறுத்ததில்லை.

"அண்ணை, ஒரு அஞ்சு நிமிசம் இதில இருங்கோ," என்று எழுந்து ஓடினேன். அனுப்பினேன். பற்றுச்சீட்டு வந்தது: வெள்ளி, 11.52.

மூன்று வாரம் தபாற்பெட்டியையும் மின்னஞ்சலையும் மாறி மாறித் திறந்தேன். தபாலில் பதில் வந்தது: இரண்டாம் ஆண்டில் இடம். மாலைக் கல்லூரியில் புள்ளியியல் போதிய மணிநேரம் கற்பிக்கப்படவில்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். இரண்டு வருடம் உழைத்ததில் ஒன்று போயிற்று.

கணவர் காரணத்தை வாசிக்கவில்லை. நான் அச்சிட்டுப் பின்னால் குத்தியிருந்த பற்றுச்சீட்டைத்தான் வாசித்தார்.

"பதினொண்டு அம்பத்திரண்டு. பாத்தீரே? ஒரு வருசத்தை ராகு திண்டுட்டார்."

"மற்றதை விட்டுவைச்சிருக்கிறார்தானே," என்றேன்.

முதலாளியிடம் கேட்டு வேலையைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொண்டேன். நேர அட்டவணை வந்தது. முதல் வகுப்பு, திங்கள் காலை எட்டு மணி. கலண்டரைப் பார்த்தேன்: திங்கள் ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. கணவருக்குச் சொல்லவில்லை. நாட்குறிப்பில் வகுப்பையும் ராகு காலத்தையும் ஒரே வரியில் எழுதிவைத்தேன்.