மாப்பிள்ளை வீட்டு மேற்குச் சன்னல்

வெயிலில் ஏணி போட்டு நின்று அடுத்தவர் வீட்டுக்கு நிழல் விற்கிற தொழில் எங்களுடையது. விருதுநகரில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை. மூங்கில் தட்டி, துணிச் சுருள் திரை, பிளாஸ்டிக் பட்டைத் திரை எல்லாம் உண்டு. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனால் என்னை யார், எந்த இடத்தில், யார் யார் முன்னால் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் ஒன்றுவிடாமல் நினைவிருக்கும். மேற்குப் பார்த்த அறையில் சாயங்காலம் சுவரைத் தொட்டுவிட்டுக் கையை உதறுகிற பாவப்பட்ட ஜனங்களே, நானும் உங்களில் ஒருவன்தான். நமக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பால் காய்ச்சிய அன்று

என் தங்கச்சி ராஜாத்தியின் வீட்டுக்காரர் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரி. நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். போன தை மாதம் ஆமத்தூர் போகிற ரோட்டில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். சன்னல் திரை முழுவதும் நான்தான் போடப்போகிறேன் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் எல்லாச் சன்னலிலும் மதுரைக் கடையிலிருந்து வந்த திரை தொங்குகிறது. ரிமோட்டை அமுக்கினால் ஏறும், இறங்கும். நிறம் அடர்ந்த பழுப்பு. சோபாவுக்குப் பொருத்தமாம்.

வந்தவர்கள் ஆளுக்கொரு தடவை ரிமோட்டை அமுக்கிப் பார்த்தார்கள். பந்தியில் உட்கார்ந்து இலையும் போட்ட பிறகு யாரோ ஒருவர், "ஒங்க மச்சானும் இதே தொழில்தானே?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டார். மாப்பிள்ளை சொன்ன பதிலுக்குப் பந்தி முழுவதும் சிரித்தது. நான் கையை நனைக்காமல் எழுந்தேன். இனி இந்த வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டினேன். அவர் சொன்ன பதில் இதுதான்:

"மச்சான் போடுறது மூங்கில் தட்டி. மாட்டுக் கொட்டகை கட்டும்போது சொல்லி அனுப்புவோம்."

காலண்டர் சாமி

அந்தக் கோபம் பங்குனியிலும் ஆறாமல் சிவகாசிக்கு ஒரு வேலைக்குப் போனேன். அச்சகத்தில் வேலை பார்ப்பவர் வீடு. எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வெயில் அடிக்கிற சன்னல் கண்ணாடியில் அச்சகத்தில் கழித்துப்போட்ட தாளையோ, மினுமினுக்கிற வெள்ளிக் காகிதத்தையோ பசை தடவி ஒட்டிவிடுவார்கள். செலவில்லாத திரை. இந்த வீட்டுக்காரர் ஒட்டியிருந்தது அச்சில் நிறம் தள்ளி விழுந்த காலண்டர் தாள். பிள்ளையாருக்கு இரண்டு தும்பிக்கை, அதில் ஒன்று நீலம். லட்சுமிக்கு உதட்டுச் சாயம் கன்னத்தில். எல்லாரும் தெருவைப் பார்த்து நிற்கிறார்கள். தெருவில் போகிறவர்கள் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

இரண்டு கதவையும் சேர்த்து ஒட்டியிருந்ததால் சன்னலைத் திறந்தால் தாள் கிழியும். சாமி படத்தைக் கிழிக்க யாருக்கும் மனசு வராது. அதனால் சன்னலை மூடியே வைத்து, காற்றில்லாமல் குடும்பமே உள்ளே வெந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு உள்பக்கம் எதை ஒட்டினாலும் சூடு வீட்டுக்குள் வந்த பிறகுதான் தடுக்கும், வெளியே தட்டி போட்டால் வெயில் கண்ணாடிக்கே வராது, தாளை நனைத்துப் பதமாக உரித்துவிட்டுச் சன்னலைத் திறந்து வையுங்கள் என்றேன். வீட்டுக்கார அம்மா பிள்ளையாரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்:

"சரிதான் அண்ணாச்சி, போடுங்க. இம்புட்டு நாளும் சாமிய வெயில்ல நிப்பாட்டி வச்சிட்டு நம்ம நெழலுக்கு அலைஞ்சிருக்கோம்."

ராஜாத்தியின் போன்

சித்திரைக் கடைசியில் ராஜாத்தி மொட்டைமாடிப் படியில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். வீட்டுக்குப் போகவில்லை. மாவுக்கட்டோடு மாடி ஏற முடியாது என்று கீழே மேற்குப் பக்கத்து அறையில் கட்டில் போட்டுப் படுக்கவைத்துவிட்டார்கள். ஏசி ஓடினால் ஒடிந்த காலில் குத்தல் எடுக்கிறது. மின்விசிறி போட்டால் அனல். கட்டுக்குள் வேர்த்து அரிக்கிறது, சொறியவும் முடியாது. தூக்கம் என்பதே கிடையாது.

தினமும் போனில் அழுவாள். திரையை இறக்கிவிட்டுத் தொட்டுப் பார் என்றேன். தொட்டுவிட்டு, "தோசைக்கல்லு மாதிரி இருக்குண்ணே" என்றாள். இருக்கத்தான் செய்யும். உள்ளே தொங்குகிற பழுப்புத் துணி, கண்ணாடி தாண்டி வந்த வெயிலையெல்லாம் குடித்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. வெளியே ஒரு தட்டி போட்டால் தீர்ந்தது, மாப்பிள்ளையிடம் கேள் என்றேன். கேட்டிருக்கிறாள். தட்டி போட்டால் ரோட்டில் வரும்போதே கண்ணில் பட்டு வீட்டு முகப்பு கெட்டுப்போகும் என்று மறுத்துவிட்டார். அவள் என்னிடம் சொன்னது:

"வீட்டு மூஞ்சி அழகா இருக்கணுமாம் அண்ணே. உள்ள கெடக்கிற என் மூஞ்சிய ஒருத்தரும் பாக்கல."

கேட் வேறு, படி வேறு

அன்றைக்கே முடிவு செய்தேன். அந்த அறையைக் குளிர வைப்பேன். வாசற்படியையும் மிதிக்கமாட்டேன். மாப்பிள்ளை கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து ஏணியும் தட்டியுமாகப் போனேன். காம்பவுண்டு கேட்டைத் தாண்டினால் வாசற்படி மிதித்ததாகுமா என்று வெளியே நின்று யோசித்தேன். கேட் வேறு, படி வேறு என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, வீட்டைச் சுற்றி மேற்குப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். அவசரத்தில் மேலே கொக்கி அடித்துத் தட்டியைத் தொங்கவிட்டேனே தவிர, அடியில் இழுத்துக் கட்டவில்லை. ராஜாத்தி சன்னல் கம்பி வழியே கையெடுத்துக் கும்பிட்டாள்.

சாயங்காலம் மேற்கிலிருந்து மேல்காற்று எழும்பியது. தட்டி கண்ணாடியில் ஓயாமல் அறைந்ததில், வெக்கையில் தூங்காதவள் சத்தத்திலும் தூங்கவில்லை. மாப்பிள்ளை கடையிலிருந்து வந்து, அதை அறுத்துச் சுருட்டிக் கேட்டுக்கு வெளியே சாத்திவிட்டார். மறுநாள் தெருவே பார்க்க அதைத் தூக்கி வண்டியில் கட்டினேன். மாப்பிள்ளை மாடியில் நின்றுகொண்டு குரல் கொடுத்தார்:

"மச்சான், கொட்டகை இன்னும் கட்டலயே! அதுக்குள்ள என்ன அவசரம்?"

எண்ணெய்க் கடைக்காரர்

இந்தச் செய்தி எனக்கு முன்னால் பஜாருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தட்டிக்கு ஆர்டர் சொல்லியிருந்த எண்ணெய்க் கடைக்காரர், நான் அளவெடுக்கப் போனபோது எள்ளைப் புடைத்துக்கொண்டே நிமிராமல் பேசினார். இவர் பேச்சும் என் கணக்கில் ஏறியிருக்கிறது:

"ஒங்க தங்கச்சி வீட்லயே நிக்காத தட்டி எங்க வீட்ல நிக்குமா அண்ணாச்சி?"

இரும்பு ஆகாத இடம்

காற்றில் நிற்கிற தட்டிக்கு என்ன வழி என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, ஆனைக்குட்டம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். கேட்டிலேயே என் போன், சுத்தியல், துளை போடுகிற மிஷின் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பொறி தட்டுகிற எதுவும் உள்ளே ஆகாது. தையல்காரர் வைத்திருப்பதுபோல ஒரு துணி டேப்போடு மட்டும் உள்ளே போனேன். பெண்கள் திரி செருகுகிற ஷெட்டில் வாசல் வழியாக வெயில் விழுகிறது, வாசல்களுக்கெல்லாம் தட்டி போட்டுத் தாருங்கள் என்றார் ஃபோர்மேன். பெரிய வேலை. பஜாரில் போன பெயரை இதிலே மீட்டுவிடலாம் என்று ஆசையாக டேப்பை விரித்தேன். உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த பேச்சியம்மா என்கிறவர் எழுந்து வந்து எனக்குக் குறுக்கே நின்றார். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு டேப்பைச் சுருட்டினேன். வாசலுக்கு வேண்டாம், இவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற கொட்டகைக்கு மேற்கே போட்டுத் தருகிறேன் என்று ஃபோர்மேனிடம் சொன்னேன். அவர் முகம் சுளித்தார். பிறகு முதலாளியிடம் கேட்டு வந்து சரி என்றார்.

திரும்பும்போது பட்டாசு காயப்போட்ட களத்தைப் பார்த்தேன். சரக்கை மூடுகிற தார்ப்பாயின் விளிம்பை மடித்துத் தைத்து உள்ளே மணல் நிரப்பியிருந்தார்கள். அந்தப் பொட்டல் காட்டுக் காற்றிலும் அது எழும்பவில்லை. இதுதான் நான் தேடியது. ஆனால் வண்டியில் வரும் வழியெல்லாம் மணலைவிடப் பேச்சியம்மா சொன்னதுதான் மனசில் ஓடியது. ராஜாத்தியும் எழுந்து ஓட முடியாதவள். சன்னலை அடைத்துவிட்டுப் போகிற தட்டியாக இருக்கக் கூடாது. அவள் படுத்தபடியே கயிற்றை இழுத்தால் ஏறவேண்டும். பேச்சியம்மா சொன்னது:

"வெயிலு எங்களுக்குப் பழக்கம்தான் அண்ணாச்சி. ஒண்ணுன்னா ஓடுறதுக்கு இந்த வாசலுதான் இருக்கு. இதை மறிச்சிராதீக."

சன்னலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

இந்தத் தடவை ஒளிந்து போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போதே, வெயில் மேற்கே சாய்கிற நேரத்துக்குப் போனேன். வெளிர் நிறத் தட்டி. அடியில் மணல் நிரப்பிய துணி. காற்றுக்கு இழுத்துக் கட்ட இரண்டு பக்கமும் வளையம். சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நிற்க மரச் சட்டம். ஜனங்களே, அந்த ஒரு சாண் இடைவெளியை விட்டுவிடாதீர்கள். தட்டிக்குப் பின்னால் சேருகிற சூடு மேலே ஏறிப் போக அதுதான் வழி.

சத்தம் கேட்டு மாப்பிள்ளை வெளியே வந்தார்.

"மறுபடியும் அறுத்துப் போட்டா என்ன செய்வீக?"

"மறுபடியும் கட்டுவேன்."

"அதையும் அறுத்தா?"

"மூங்கில் எங்கிட்ட நெறைய கெடக்கு மாப்பிள்ளை. நீங்க அறுத்துக்கிட்டே இருங்க."

நான் ஏறி நின்ற ஏணியை அவர் பிடித்துவிட்டார். தள்ளப் போகிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். உள்ளேயிருந்து ராஜாத்தி, "ஏங்க, இங்கன வாங்க. எந்திரிச்சு உக்காந்துக்கிடுதேன், இந்தக் கட்டில்ல கொஞ்ச நேரம் படுத்துப் பாருங்க. பெறகு போய் அறுங்க" என்றாள். அதட்டலே கிடையாது, சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் உள்ளே போனார். கட்டில் கிறீச்சிட்டது. நான் சட்டத்தை முடுக்கி முடிக்கிற வரை அவர் எழுந்திருக்கவில்லை. அவர் சன்னலுக்கு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "கயித்த எங்கன கட்டணும்?" என்று மட்டும் கேட்டார்.

கயிற்றைச் சன்னல் சட்டத்தில் துளை போட்டு உள்ளே விட்டேன். உள்ளே கொக்கி மாட்டவும், இழுத்துப் பார்க்கவும் ஒரு ஆள் வேண்டும். நான் உள்ளே போகமாட்டேன். அவரோ ரிமோட்டைத் தவிர எதையும் இழுத்தவர் இல்லை. இழுங்க என்றால் விடுகிறார், விடுங்க என்றால் இழுக்கிறார். தட்டி முழுவதும் என் தலையில் இறங்கியது. "ஏலே, விடுலே!" என்று கத்திவிட்டேன். "யாரைப் பாத்து ‘லே’ங்கீக?" என்று தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. ஒருவழியாகக் கயிறு வாகுக்கு வந்தது. ராஜாத்தி படுத்தபடியே இழுத்து ஏற்றினாள், இறக்கினாள், இன்னொரு தடவை ஏற்றி இறக்கினாள். கட்டில் மேல் கிடந்த வெயில் போய்விட்டது. சன்னலைத் திறந்து வைத்தும் அனல் இல்லை. மேல்காற்று அடித்தது. தட்டி லேசாக மூச்சு விட்டதோடு சரி, அறையவில்லை.

காபி சன்னல் கம்பி வழியாக வந்தது. "உள்ள வந்து உக்காந்து குடிச்சா என்ன மச்சான்?" என்றார். "கொட்டகைப் பேச்சு என்னாச்சு?" என்றேன். "அது வெளையாட்டுக்குச் சொன்னது." "பந்தியில சொன்னத பந்தியில வச்சுத்தான் மாத்திச் சொல்லணும்." "அதுக்காக இன்னொரு வீடா கட்ட முடியும்?" "அது ஒங்க பாடு." குரல் ஏறிக்கொண்டே போனது. அப்போது கட்டிலிலிருந்து, கண்ணைத் திறக்காமலேயே ராஜாத்தி சொன்னாள்:

"சண்டைய ரெண்டு பேரும் அங்கிட்டுப் போயி வச்சுக்கோங்க. எனக்குத் தூக்கம் வருது."

கட்டுப் பிரித்து அவள் நடமாடத் தொடங்கியும் அந்த வாசற்படியை நான் இன்னும் மிதிக்கவில்லை. கயிறு நைந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் வாராவாரம் சன்னலுக்கு வெளியே போய் நின்று, கம்பி வழியாக வருகிற காபியைக் குடித்துவிட்டு வருகிறேன்.