வலிக்காத காலின் படம்

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது வலது குதிகாலில் ஆணி இறங்கும். கொஞ்சம் நடந்தால் பழகிப்போகும். கல்லூரியில் நின்று இயற்பியல் பாடம் நடத்தினால் மறுபடி இறங்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் கடைசியில் தொடங்கிய இந்த வலியை, ஒத்தடமும் எண்ணெயும் கொடுத்து வருடக்கணக்கில் வளர்த்துவந்தேன். கடைசியில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். குதிகால் எலும்பின் அடியில் ரோஜாச் செடி முள்போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. "இதுதான் குத்துது, அறுத்து எடுத்துரலாம்" என்று நாளும் குறித்துவிட்டார்.

அந்தப் படத்தைப் பழங்காநத்தத்தில் பார்க்காதவர் கிடையாது. கல்யாணப் பெண்ணின் ஜாதகத்தைக்கூட அவ்வளவு பேரிடம் காட்டமாட்டார்கள். வந்தவர்கள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தலைகீழாகவும் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆத்தாடி, எம்புட்டுப் பெரிய முள்ளு!" என்றார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சொல்லிக்கொள்ளும்படி என்னிடம் வேறெதுவும் வளர்ந்ததில்லை.

ஆனால் பயம் தின்றது. அறுத்தபின் நிற்க முடியாமல் போனால்? உட்கார்ந்து பாடம் நடத்துபவனைப் பையன்கள் மதிப்பார்களா? நின்று நடத்தியபோதே மதித்ததில்லை.

"அறுக்குறதுக்கு முந்தி எலும்புக்குன்னே ஒரு டாக்டரம்மா இருக்காங்களாம், அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்றாள் மனைவி. கப்பலூரில் பட்டறை வைத்திருந்த அவளுடைய அண்ணனும் துணைக்கு வந்தார்.

டாக்டரம்மா படத்தைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் குதிகாலில் ஓரிடத்தை அழுத்தினார். நான் எகிறினேன்.

"இடது காலு?"

"அது எப்பவும் வலிச்சதில்லீங்க."

"அப்ப அதையும் ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க."

வெளியே வந்ததும் மைத்துனர் பொரிந்தார். "வலிக்காத காலுக்கு எதுக்கு மாப்ள படம்? விட்டா தும்மாத மூக்குக்கும் எடுக்கச் சொல்லும் அந்தம்மா. எடுக்குறதுன்னா மெட்ராஸுக்குப் போவோம். தலையைக் குறுக்க அறுத்த மாதிரி காட்டுற மிஷினு வந்திருக்காம்ல."

"அண்ணே, இவரு தலைக்குள்ள ஒண்ணுமில்லைன்னு எனக்கே தெரியும். அதுக்கு மெட்ராஸ் எதுக்கு?"

படம் எடுத்துக்கொண்டு திரும்பப் போனோம். டாக்டரம்மா விளக்குப் பெட்டியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்.

இடது குதிகாலிலும் முள் இருந்தது. வலதில் இருந்ததைவிடப் பெரிது.

"இது எந்தக் காலு மாப்ள?" மைத்துனரின் குரல் கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் பேசுவதுபோல் இறங்கியிருந்தது.

"வலிக்காத காலு" என்றார் டாக்டரம்மா. "முள்ளுதான் குத்துதுன்னா, இதுதானே முதல்ல கத்தணும்? நிறையப் பேருக்கு முள் இருக்கும், வலி இருக்காது. இவருக்கு வலி அடிப்பாதத்துச் சவ்வுல. அது எக்ஸ்ரேயில தெரியாது, விரல் வச்சாத் தெரியும். ஆபரேஷன் வேண்டாம். மெத்துன்னு செருப்பு போடட்டும், சொல்லித்தர்ற பயிற்சியைச் செய்யட்டும். மெதுவாத்தான் குறையும்."

"மெட்ராஸ் மிஷினு?"

"அதுல என்னத்தைத் தேடப்போறீங்க?"

நான் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நட்சத்திரங்களின் தூரத்தையெல்லாம் படித்து வைத்திருக்கிறேன். இந்தக் கால் இம்புட்டுப் பெரிய முள்ளோடு, முனகாமல், நொண்டிய மற்றதன் பாரத்தையும் சேர்த்து என்னைச் சுமந்து வந்தது மட்டும் தெரியாது.

பஸ் நிறுத்தத்தில் சமயநல்லூர் வண்டி வந்து நின்றது. வாழையிலைக் கட்டோடு ஒரு பெண் வெறுங்காலில் இறங்கினாள். பின்னால் செருப்புகள், பூட்ஸுகள், ஒரு கைக்குழந்தையின் தொங்கும் பாதம். எந்தெந்தக் குதிகாலுக்குள் என்னென்ன இருக்கிறதோ, எல்லாம் சத்தமில்லாமல் நடந்து போயின. நான் வழிவிட்டு ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஏறுங்க மாப்ள, நம்ம பஸ்ஸும் வந்துருச்சு" என்றார் மைத்துனர். உட்கார இடம் இருந்தது. இரண்டு காலிலும் பாரத்தைச் சமமாக வைத்து நின்றுகொண்டே வந்தேன்.