ஒரே கட்சியில் சேர்ந்த நண்பர்கள்

கம்ப்யூட்டர் கேம் சென்டர் நடத்துவதும் கல்யாண மண்டபம் நடத்துவதும் ஒன்றுதான். யாரை யார் பக்கத்தில் உட்கார வைத்தால் வம்பு வரும் என்று கடைசியில்தான் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில், காந்திபுரத்தில் ஒரு மாடியில், ஆறு கம்ப்யூட்டர்களை ஒயர் போட்டு இணைத்து நானும் அந்தப் பாடு பட்டேன். இதே பாடு பட்டவர்கள் படித்துத் தலையாட்டுவீர்கள்.

செத்தால் என்ன

அப்போது எல்லோரும் ஆடியது ஓட்டத் துப்பாக்கி ஆட்டம். ஓடு, தாவு, சுடு, அவ்வளவுதான். செத்தால் அடுத்த நொடி வேறு மூலையில் பிறந்துவிடலாம். பாலிடெக்னிக் முடித்த சிவகுமாரும் பிரகாஷும் மத்தியானம் ஆனால் வந்துவிடுவார்கள். இருவரும் கூட்டாக மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைப்பதாக ஏற்பாடு. கணபதி ஏரியாவில் வாடகைக்கு ஷெட்கூடப் பார்த்தாயிற்று. அதுவரை பொழுது போக ஒருவரையொருவர் சுட்டுத் தள்ளினார்கள். சுட்டவனும் சிரிப்பான், செத்தவனும் சிரிப்பான். இப்படி அடித்துக்கொண்டால் நாளைக்குக் கூட்டுத் தொழில் என்னாவது என்று கேட்டேன். "இதுல என்னங்க்கா இருக்குது? செத்தா மறுக்கா எந்திரிச்சுக்கலாமுங்க" என்றான் பிரகாஷ்.

பிணத்துக்கும் வாடகை

பிறகு புது ஆட்டம் வந்தது. நிஜப் போலீஸ் மாதிரி, குழுவாகப் போய்ப் பணயக் கைதிகளை மீட்க வேண்டும். ஒரே குண்டில் ஆள் காலி. அந்த ரவுண்டு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஓடினால் காலடிச் சத்தம் எதிரிக்குக் கேட்கும், குறியும் தப்பும். போதாததற்கு நம் குண்டு நம் ஆள்மேலும் பாயும்.

பழைய பழக்கத்தில் துள்ளிக் குதித்து ஓடிய ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் முதல் கதவிலேயே விழுந்தார். என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க அம்மணி, பொணமாக் கெடக்கறதுக்கும் வாடகைங்களா?"

நீங்க மொதல்ல

எங்கள் ஊர் மரியாதை இந்த ஆட்டத்துக்குச் சரிப்பட்டு வரவில்லை. கதவைத் திறந்து ஒருவர் முதலில் நுழைய வேண்டும், மற்றவர் பின்னால் காவல் நிற்க வேண்டும். சிவகுமாரையும் பிரகாஷையும் அன்றைக்கு இரண்டு பேங்க்காரர்களோடு ஒரே கட்சியில் சேர்த்துவிட்டேன். அறிமுகமில்லாத ஆட்கள் ஆயிற்றே! "நீங்க போங்க", "இல்லீங்க, நீங்க மொதல்ல போங்க" என்று கதவருகில் நால்வரும் உபசரித்துக்கொண்டே நின்றார்கள். உள்ளே ஒளிந்திருந்த எதிர்க்கட்சிக்காரர், மூலை நாற்காலியிலிருந்து கத்தினார்: "யாராச்சும் உள்ள வாங்க சாமி, எத்தன நேரந்தான் துப்பாக்கியப் புடிச்சுட்டு நிக்கறது!"

முதுகுக்குப் பின்னால்

அதற்கப்புறம் சிவகுமார் முன்னால் போவது, பிரகாஷ் பின்னால் பார்த்துக்கொள்வது என்று பேசிக்கொண்டார்கள். பிரகாஷுக்கு ஓட்ட ஆட்டத்தின் கால். தூரத்தில் ஓர் எதிரி தெரிந்தால் போதும், காவலை விட்டுவிட்டு ஓடிவிடுவான். சிவகுமார் முதுகில் குண்டு வாங்குவான். செத்தவனுக்கு வேறு வேலையில்லையே, பக்கத்துத் திரையை எட்டிப் பார்ப்பான். தன்னைக் காக்க வேண்டியவன் எங்கோ குஷியாகச் சுட்டுக்கொண்டிருப்பது தெரியும். முதலில் சிரித்தான். அப்புறம் சிரிக்கவில்லை.

ஒருநாள் சிவகுமார் பாதி ஆட்டத்தில் எழுந்து என்னிடம் வந்தான். ஷெட்காரரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டானாம். விளையாட்டை வைத்தா ஆளை எடை போடுவது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "இல்லீங்க்கா. பட்டறையப் பாத்துக்கடான்னு உட்டுப்போட்டுப் போனா, இவன் நிக்க மாட்டானுங்க."

தனி ஆட்டம்

சில நாள் கழித்துப் பிரகாஷ் மட்டும் வந்தான். சிவா வந்தானா என்று கேட்டான். இல்லையென்றதும், கம்ப்யூட்டரையே எதிரியாக வைத்துப் பழைய ஓட்ட ஆட்டத்தைப் போட்டுக்கொண்டான். செத்துச் செத்துப் பிறந்தான், ஒரு சிரிப்பு இல்லை. எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை; அந்தப் புது ஆட்டத்தை வாங்காமலே இருந்திருக்கலாம். வேறு ஆட்கள் வருகிறார்கள், கட்சி சேர்த்துவிடட்டுமா என்றேன். திரும்பாமலே சொன்னான்: "வேண்டாமுங்க்கா. இதுன்னா யாரையும் பாத்துக்க வேண்டியதில்லீங்க."

எதிரிகளாக ஆடிய காலத்தில் அவர்கள் சுட்டுக்கொண்ட அத்தனை குண்டுகளாலும் முடியாததை, ஒரே கட்சியில் சேர்த்து நான் ஒரே மாதத்தில் முடித்து வைத்தேன்.