சமாதானப் படம்

அந்தப் படம் இன்னும் என் செல்போனில் இருக்கிறது.

காரைக்குடியில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியை நான். என் வகுப்பில் ஒரு பெண்ணுக்குத் 'தவிடு' என்று பட்டப்பெயர். அவளுடைய அம்மாவுக்குப் புதுவயலில் ரைஸ் மில்லில் வேலை. அவள் பக்கத்தில் வந்தாலே பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஆரம்பித்து வைத்தவள் வகுப்புத் தலைவி.

ஒருநாள் அந்த அம்மா அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து தலைமை ஆசிரியர் முன்னால் நின்றார். உட்காரச் சொல்ல எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

"பிள்ளைக விளையாட்டுக்குச் சொல்றத நீங்க ஏம்மா பெருசா எடுத்துக்கிறீக?" என்றார் தலைமை ஆசிரியர்.

"ரெண்டு வாரமா மத்தியானச் சோத்த அப்படியே திருப்பிக் கொண்டாருது சார். அப்படிக் கூப்புடக் கூடாதுன்னு அதுகள்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் சொல்லவில்லை. இரண்டு பெண்களையும் வரவழைத்துக் கைகுலுக்க வைத்தார். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்று என்னைப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

கையை விட்டதுமே வகுப்புத் தலைவி தன் உள்ளங்கையை யூனிஃபார்மில் அழுத்தித் துடைத்தாள். எல்லோரும் பார்த்தோம். சாயங்காலத்துக்குள் படத்துக்குக் கீழே பாராட்டுகள் குவிந்துவிட்டன.

படத்தில் அந்த அம்மாவின் மகள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். முதலில் அவள் சிரிக்கவில்லை. "மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்காத, சிரி" என்று அதட்டியது நான்தான்.