மூன்றாவது கியர்

என் வீட்டுக்காரர் யுத்தத்திலிருந்து திரும்பியபோது இடது கையில் கட்டைவிரலும் இன்னும் இரண்டு விரல்களும்தான் மிச்சம். பட்டாளத்தில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோகிற வேலை அவருக்கு. அரியலூர் வந்த பிறகு பகலெல்லாம் கயிற்றுக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். சோற்றுக்குக் கூப்பிட்டால் எழுந்து வருவார். பேச்சு கிடையாது.

ஒரு நாள் அவராகவே, "ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தா ஓட்டுவேன்" என்றார். எங்கே போக என்று நான் கேட்கவில்லை. சும்மா ரோட்டில் ஓட்டத்தான். அது இல்லாவிட்டால் இவர் கட்டிலை விட்டு எழப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது.

என் அண்ணன் கடலை விவசாயம் செய்பவர். தானே வாங்கித் தருவதாகச் சொன்னார். ராணுவம் ஏலத்தில் விட்ட இரண்டு வண்டிகள் பெரம்பலூரில் ஒரு லாரிக்காரரிடம் இருந்தன. மூவரும் பஸ்ஸில் போனோம். ஒன்று கனமான வண்டி, மற்றது ஒல்லி.

ஒல்லி வண்டியைத் துறையூர் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்தவர் முகத்தில் சிரிப்பு. அவர் பட்டாளம் போனதிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு.

"மச்சான், இதான் வேணும். மூணாவது கியர் போட்டா போதும். மாட்டு வண்டிக்காக மெதுவாப் போயிட்டுத் திரும்ப முறுக்குனா, அதே கியர்ல எழும்பி இழுக்குது. அடிக்கடி இடது கையால கிளச்சைப் பிடிக்க வேண்டியதில்ல. என் கைக்கு இதுதான் ஆகும்."

"இருங்க மாப்பிள்ளை, பூட்டிப் பாத்துடுவோம்" என்றார் அண்ணன்.

எங்கள் பக்கம் பாரம் ஏற்றிய வண்டியில் பூட்டி, நின்ற இடத்திலிருந்து இழுக்க வைக்காமல் யாரும் மாடு வாங்க மாட்டார்கள். அண்ணன் அங்கே நின்ற நெல் வண்டியில் வடக்கயிற்றைக் கட்டி, மறுமுனையை இரண்டு மோட்டார் சைக்கிளிலும் மாறி மாறி மாட்டினார்.

லாரிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஏங்க, அப்புடியே பல்லையும் புடிச்சுப் பாத்துடுங்க!"

ஒல்லி வண்டி உறுமிவிட்டு அணைந்தது. கனமான வண்டி புகை கக்கி, நெல் வண்டியை நகர்த்தியே விட்டது. வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டம் விசிலடித்தது.

"மூட்டையவே இழுக்கல, உங்க ரெண்டு பேரையும் எப்புடி இழுக்கும்?" என்றார் அண்ணன்.

"கெளம்புற இழுப்பு வேற, மச்சான். ஓடுறப்ப நடுவுல இழுக்கணும்" என்று ஆரம்பித்தார் அவர். அண்ணன் அதற்குள் கனமான வண்டிக்குப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். வாங்கித் தருகிறவரிடம் அதற்கு மேல் பேச அவருக்கு வாய் வரவில்லை.

என்னைப் பின்னால் உட்கார வைத்து அரியலூருக்கு ஓட்டினார். சந்தை நாள். வழி நெடுக மாட்டு வண்டிகள். ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் வேகம் குறைந்தால் எஞ்சின் திணறியது. கியரை இறக்க வேண்டும், திரும்ப ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு விரல்கள் கிளச்சை இழுத்தன. பாதி வழியில் அவர் தோள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. ரயில்வே கேட்டில் வண்டி அணைந்து நின்றது. விரல்கள் மடங்கியபடியே இருந்தன, நிமிரவில்லை. நான் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினேன்.

"பொம்பளைய வெச்சுத் தள்ளுறான் பாரு!" என்று யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் வெந்நீரில் கையை முக்கி உட்கார்ந்திருந்தார். "உங்க அண்ணன்கிட்ட சொல்லிடு. வண்டி நல்லாத்தான் இருக்கு, கைதான் ஆகாதுன்னு."

மறுநாள் போய்ச் சொன்னேன்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே அவரு" என்றார் அண்ணன், நிஜமான வருத்தத்தோடு.

நான் வீட்டுக்கு வந்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.