பாக்தாத் சந்தில் இரண்டு வண்டிகள்

இசக்கிசெல்வியின் பொறுமையைப் பற்றிப் பேசினாலே எனக்குப் பொறுமை போய்விடும். ஆரியசாலைக் கடைத்தெருச் சந்தில், மிளகாய் மொத்தக்கடைக்கு மேல்மாடியில் பிறந்தவள். அந்தச் சந்திலிருந்து கல்யாணத்துக்குக் கிளம்பும் மாப்பிள்ளை, வண்டிக்காரர்கள் லோடு இறக்கி வழி விடுவதற்குள் தாத்தாவாகிவிடுவார். செல்வி கைவண்டிகளுக்கு நடுவில் நின்றே வீட்டுப்பாடம் முழுக்க எழுதி வளர்ந்தவள்.

இரண்டாயிரத்து ஆறில் டெக்னோபார்க்கில் வேலை கிடைத்தது. என்ன வேலை? கம்ப்யூட்டரில் விளையாடுவது! பழைய பாக்தாத் நகரம். கதாநாயகன் வாளும் கையுமாகக் கூரைக்குக் கூரை தாவி எதிரியைத் துரத்துவான். அதில் எங்கே கோளாறு என்று கண்டுபிடித்து எழுதித் தரவேண்டும். ஆறு மாதம் பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் மறுபடி மிளகாய்க் கடை, தும்மல்.

இந்தப் புண்ணியவதி கடைத்தெருக் கட்டத்தை முப்பது தடவை ஆடிவிட்டு, "கோளாறு இல்லை" என்று எழுதிக் கொடுத்தாள். விளையாட்டுக்குச் சொந்தக்காரர்களான வெளிநாட்டுக்காரர்கள் ஆடிப் பார்த்தார்கள். முதல் சந்திலேயே எதிரும் புதிருமாக இரண்டு கழுதை வண்டிகள், நடுவில் கதாநாயகன். ஏழு நிமிஷம் அசைய வழியில்லை.

மலையாளி மேலாளர் வினீத் கூப்பிட்டான்.

"எந்தா செல்வி, இது கண்ணுல படலியா?"

"பட்டுது சார். வண்டி நின்னுது, நானும் நின்னேன்."

"முப்பது தடவையுமா?"

"லோடு வண்டின்னா நிக்கத்தானே சார் செய்யும்? அதுக்குள்ள அம்மாட்ட ரெண்டு வார்த்தை பேசிருவேன்."

வினீத் தலையில் கை வைத்துக்கொண்டான். "நாளை மத்தியானத்துக்குள்ள இதுக்கு ஒரு வழி எழுதித் தா. இல்லேன்னா வீட்டிலேயே நின்னுக்கோ."

வீட்டுக்குத் திரும்பினால், சந்தில் வழக்கம்போல இரண்டு கைவண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. சுமைக்காரர் பிச்சைக்கனி போட்ட சத்தத்தில் பொன்முடி மலையில் தேயிலை உதிர்ந்திருக்கும்: "ஏலே, காலி வண்டி! பின்னால எடுலே!"

காலி வண்டி பின்வாங்கியது.

"அண்ணாச்சி, எப்பவும் காலிதான் பின்னால போகணுமா?"

"பின்னே மூட்டை ஏத்துனவனா போவான்? பொறந்ததுலேருந்து இங்கதானே நிக்கே, தெரியாதா?"

மறுநாள் எழுதிக் கொடுத்தாள்: 'பாக்தாத்தில் இரண்டுமே லோடு வண்டி. ஒன்றைக் காலியாக்கினால் அது பின்வாங்கும். அதட்ட ஓர் ஆளும் வேண்டும்.' அப்படியே செய்தார்கள். கதாநாயகன் தப்பினான், செல்வியும் தப்பினாள்.

நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போட ஒன்பது மணிக்கு வரச்சொன்னான் வினீத். மகாராணி பதினொன்றேகாலுக்குப் போய் நின்றாள்.

"இன்னைக்கு எந்தா?"

"சந்துல ரெண்டுமே லோடு வண்டி சார்."