நடராஜின் சோளச் சாராயம்

வடிவம்மாளின் புருஷன் நடராஜுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தொண்ணூற்றாறில் களக்காட்டில் அவள் அண்ணன் பக்கத்து வயலிலேயே சூரியத்தகடு வைத்துத் தண்ணீர் இறைக்க ஆரம்பித்தபோது அவனுக்குப் பொறுக்கவில்லை. மக்காச்சோளத்தை ஊறப்போட்டுச் சாராயம் காய்ச்சி, அதிலேயே தன் பழைய பம்பு இன்ஜினை ஓட்டிக் காட்டுவதாகச் சவால் விட்டான்.

அடுப்புக்கு விறகு போட்டு மாளவில்லை. வேலிக்கருவை தீர்ந்தது. பூவரசு விழுந்தது. ஒருநாள் தொழுவத்து உத்தரத்திலேயே கோடாலியை வைத்தான். வடிவம்மாள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஒரு குடம் சாராயத்துக்கு ஒரு மரம் சாம்பலாப் போவுது. வெயிலுக்கு எங்கண்ணன் என்ன வெறகு வெட்டுதான்?"

அவன் விட்ட அறையில் அவள் உதடு கிழிந்தது. கோடாலியை மட்டும் அவள் திருப்பித் தரவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் இன்ஜின் இரண்டு இருமல் இருமி நின்றது. நடராஜ் அதை எட்டி உதைத்துவிட்டு, சூடு ஆறுமுன்பே மறுபடி அதற்குள் சாராயத்தைச் சரித்தான். அடுத்த கணம் அலறிக்கொண்டு, கைகளை வீசியபடி, கோடாலியோடு வரப்பில் நின்ற அவளை நோக்கி ஓடிவந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று அவள் கோடாலியை ஓங்கிவிட்டாள்.

முடி கருகும் நாற்றம் வந்த பிறகுதான் புரிந்தது. வெயிலில் சாராயத் தீ கண்ணுக்குத் தெரிவதில்லை.

கோடாலியை எறிந்துவிட்டு அவனை இழுத்துப்போய், அண்ணனின் பம்பு நிறைத்த தொட்டிக்குள் தள்ளி அமுக்கினாள்.

"ஒன் சாராயத்துக்கு ஒரு பாத்தி நனைக்க வக்கில்ல. ஆள எரிக்க மட்டும் தெம்பிருக்கு, என்ன?"

தீ அணைந்த பிறகும் அவன் தலைமேல் இருந்த கையை அவள் உடனே எடுக்கவில்லை.